கெர்னலுக்குள் ஒரு தேடல்
லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே எழுத்துத் தேடலுக்கென்று தனி இடைமுகம் 2005 முதல் இருக்கிறது: டெக்ஸ்ட்சர்ச். தேடும் முறையை நாமே செருகிக்கொள்ளலாம். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில், குறிப்பிட்ட சொல் இருக்கும் பாக்கெட்டை (வலையில் வரும் தரவுப் பொட்டலத்தை) பிடிக்கும் ஸ்ட்ரிங் விதி எழுதும்போது 'அல்கோ', அதாவது எந்தத் தேடும் முறை என்று கேட்கிறதே, அது இதற்குத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தேடலின் நடுவே கூப்பிட்டால் தரவின் அடுத்த துண்டை எடுத்துத் தரும் கால்பேக் என்ற செயல்கூறு. பாக்கெட் நினைவகத்தில் ஒரே நீளமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. துண்டு துண்டாகவும் கிடக்கும். அதையெல்லாம் ஒட்டி நகலெடுக்காமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததை வாங்கித் தேடலைத் தொடர்கிறது. என்ன அழகான வேலை!

தேடும் முறைகளில் கேஎம்பி (நூத்-மாரிஸ்-பிராட்), துண்டு மாறினாலும் விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும். இன்னொரு முறையான பாயர்-மூர் (பிஎம்) வலமிருந்து இடமாக ஒப்பிடுவதால், தேடும் சொல் இரண்டு துண்டுகளில் பிளந்து கிடந்தால் கோட்டைவிட்டுவிடும். மூலநிரலின் குறிப்பிலேயே இது இருக்கிறது. வேகத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு 'பிஎம்' போடுகிறவர்கள் தயவுசெய்து அதை ஒருதடவை படித்துவிடுங்கள்.