அப்பாவின் நிமோனியாவும் ஈறுகளும்

பக்கவாதம் வந்து அப்பா படுத்த வருடத்திலேயே இரண்டு முறை நிமோனியா. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நடுராத்திரியில் ஆட்டோ, ஆக்சிஜன், நாள்கணக்கில் ஊசி. வீடு திரும்பிய அடுத்த மாதமே மறுபடி இருமல். வயசாயிடுச்சு, நெஞ்சுச் சளி என்றார்கள். நானும் நம்பினேன்.

மூன்றாவது முறை புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சக மருத்துவர் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். "பல்லு யாரும்மா தேய்ச்சு விடுறது?" குளிப்பாட்டினேன், முதுகுக்குப் பவுடர் போட்டேன். வாயை மறந்தே போயிருந்தேன்.

தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்குவது நல்லா இருப்பவர்கள் பலருக்கும் நடப்பதுதானாம். நாம் இருமித் தள்ளிவிடுவோம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு, ஈறு இடுக்கில் பெருகிய கிருமிகளோடு அது நுரையீரலிலேயே தங்கிவிடும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வில், தினமும் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களுக்கு நிமோனியா குறைந்ததாம். 1999-லேயே வெளிவந்தது. யாராவது எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

பல் பிரிவுக்குப் போனோம். முதலில் கேட்டது, ரத்தம் உறையாமலிருக்க அப்பா சாப்பிடும் ஆஸ்பிரின் பற்றி. "நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொல்லி, நரம்பு மருத்துவரிடம் கேட்டுவரச் சொன்னார்கள். அப்புறம் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு இடுக்கின் ஆழத்தை அளந்தார்கள். "மூணு, மூணு, ஆறு, ஏழு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதினார். மூன்று மில்லிமீட்டர் வரை பரவாயில்லையாம். ஏழு என்ற இடத்தில் ரத்தம் கசிந்தது.

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று அம்மா அழுதார். பல்லில் கெட்டியாகப் படிந்த காறை போனதும், எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் வெளியே தெரியும், அவ்வளவுதான் என்று பொறுமையாக விளக்கினார்கள். அப்பாவை முழுக்கச் சாய்க்காமல், தண்ணீரை உடனுக்குடன் உறிஞ்சியபடி, நான்கு தடவையாகச் செய்து முடித்தார்கள். இனி நிமோனியாவே வராது என்று யாரும் சொல்லவில்லை. வாய்ப்பு குறையும் என்றார்கள்.

இப்போது காலையும் இரவும் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்கிறேன். மெல்லிய பிரஷ், துளி பேஸ்ட். துப்ப முடியாதவர் என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறேன். கழற்றிப் போடும் பல்செட் இரவில் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்விடும். இடது கன்னத்துக்குள் மட்டும் விரல் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி கிடையாது. நேற்று ராத்திரி அங்கே மதியச் சோறு இரண்டு பருக்கை இருந்தது.