நான்கில் இரண்டு

1984 பனிக்காலத்தில் ரொறொன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவது. கழுவுதொட்டிக்கு மேலே எண்ணெய் படிந்த ஒரு வானொலிப் பெட்டி. அதன் முள் எப்போதும் 1050இலேயே நிற்கும். சம் வானொலி. 'சம்' என்றால் தோழன் என்று அகராதி சொன்னது. இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜாவின் குரலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த அறிவிப்பாளர்களின் வேகம் புதிதல்ல, சொற்கள்தான் பிடிபடவில்லை. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே சைபருக்குக் கீழே எத்தனை பாகை என்று சொல்வார்கள். எனக்கு முதலில் விளங்கிய ஆங்கிலம் அதுதான்.

தலைமைச் சமையல்காரர் இத்தாலியர். சம்மின் சரித்திரத்தை அவர் தலபுராணம்போலச் சொல்வார். 1945இல் தொடங்கியபோது பகலில் மட்டுமே ஒலிபரப்பு; பொழுது சாய்ந்தால் மௌனம். 1954இல் அலன் வாட்டர்ஸ் அதை வாங்கினார். 1957 மே 27 முதல் இரவும் பகலும் பொப் பாட்டுகள். முதல் தரவரிசையில் முதலிடம் எல்விஸ் பிரெஸ்லிக்கு. ஐம்பது பாட்டுகளின் அந்தப் பட்டியல் கிழமைதோறும் அச்சாகி, இசைத்தட்டுக் கடைகளில் இலவசமாகக் கிடைத்ததாம். அவரிடம் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தது. தொலைபேசியை எடுத்ததும் "நான் சம் கேட்கிறேன்" என்று சொன்னால் பரிசு கிடைக்கும் என்றொரு போட்டியும் நடந்திருக்கிறது. ஆங்கிலமே தெரியாத அவருடைய தாயார் அந்த ஒரு வசனத்தை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தாராம். பரிசு கிடைத்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள், "இது கனடாப் பாட்டு" என்றார். பாட்டுக்கும் குடியுரிமை உண்டா என்று கேட்டேன். உண்டு. 1971 முதல் இத்தகைய நிலையங்கள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 30 வீதம் கனடாவுக்கு உரியவையாக இருக்கவேண்டும் என்பது அப்போதைய சட்டம். இசை, பாடுபவர், பதிவு, வரிகள் என்று நான்கு அம்சங்கள். பொதுவாக அவற்றில் இரண்டு கனடாவுடையது என்றால் பாட்டு தேறிவிடும். நான் அப்போது அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்தேன். எங்களுக்கும் நான்கில் இரண்டு போதுமா என்று என் சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலியின் துல்லியத்துக்கு மக்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். அதே நிறுவனத்தின் 104.5உம் அங்கேதான் இருந்தது. 1986 யூனில் 1050 புதுப் பாட்டுகளைக் கைவிட்டுப் பழைய பாட்டுகளுக்குப் போனது, தரவரிசையும் நின்றது. சமையல்காரர் வானொலியை அணைத்துவிட்டார். அன்று முழுவதும் சமையலறையில் தட்டுகளின் சத்தம் மட்டும்தான். "முந்தி எவ்வளவு நன்றாக இருந்தது" என்று நானும் முணுமுணுத்தேன். எனக்கு அது இரண்டு வருடப் பழக்கம். ஆனாலும் யாழ்ப்பாணத்தைப் பற்றி அல்லாமல் இந்த ஊரைப் பற்றி நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

சம்மின் யங் வீதிக் கட்டடத்தில் ஒளிர்ந்த நியோன் பலகையை 2009இல் றிச்மண்ட் வீதிக்குக் கொண்டுபோனார்கள். 1050இல் பிறகு விளையாட்டுச் செய்திகள் வந்தன.

நான் வேலையை விட்டபோது சமையல்காரர் அந்தச் சப்பாத்துப் பெட்டியில் தேடி, நான் பிறந்த கிழமையின் தரவரிசைத் தாளை எடுத்துத் தந்தார். குடியேற்றப் பத்திரம் இருக்கும் உறையில்தான் அதையும் வைத்திருக்கிறேன். ஐம்பது பாட்டுகளில் இன்னமும் மூன்றுதான் எனக்குத் தெரியும்.