சீனாய் மலையில் ஓர் இரவும் காலையும்

எருசலேம் போகும் குழுக்களுக்குச் சீனாய் மலை பெரும்பாலும் வழியில் வரும் ஒரு நிறுத்தம்தான். எங்கள் குழுவிலும் பாதிப் பேர் அறையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலையின் உயரம் 2,285 மீட்டர். ஏறத் தொடங்குவது நடுராத்திரிக்குப் பிறகு, குளிரோ பல்லைக் கிட்ட வைக்கும்.

பாலைவன நாடோடி இனமான பெதூயின் வழிகாட்டி முன்னே போக, டார்ச் வெளிச்சத்தில் ஒட்டகப் பாதையில் ஏறினோம். போதகர் ஐயா 24ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். "யார் கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான்?" அது எருசலேமின் சீயோன் மலையைப் பற்றிய பாட்டு. ஆனாலும் மூச்சு வாங்கும்போது அந்தக் கேள்வி நம்மைப் பார்த்துக் கேட்பதாகவே படுகிறது. பதில் கால் பலத்தில் இல்லை என்பதுதான் சிக்கல்; கைகளில் சுத்தம், இருதயத்தில் மாசின்மை என்று போகிறது சங்கீதம்.

வழியெல்லாம் ஒட்டகச் சாணம். ஆண்டவர் இந்த மலையில் இறங்கியதைச் சொல்லும் யாத்திராகமம் 19ஆம் அதிகாரத்தை நினைத்தால் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் நடுக்கமும் வந்தது. ஜனங்கள் வஸ்திரங்களைத் துவைத்து மூன்றாம் நாளுக்கு ஆயத்தமாக வேண்டும், மலையைச் சுற்றி எல்லை குறிக்க வேண்டும், அதைத் தொடுவது மனிதனானாலும் மிருகமானாலும் உயிரோடு இருக்கக் கூடாது. இன்று அதே மலையில் ஒட்டகச் சவாரிக்குப் பேரம் நடக்கிறது!

ஒட்டகப் பாதை முடிந்து கடைசி 750 படிகள்தான் கடினம். உச்சியில் 1934இல் கட்டிய சிற்றாலயமும் ஒரு சிறிய மசூதியும் இருக்கின்றன. சூரியன் எழுந்ததும் கருங்கல் மலைகள் வரிசையாகச் சிவந்தன. உடனே எல்லாக் கைகளிலும் செல்போன். யாரோ ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். ஓரேப் என்றும் வேதம் சொல்லும் இதே மலையில்தான், ஆண்டவருடைய அமர்ந்த மெல்லிய சத்தத்தைக் கேட்ட எலியா தீர்க்கதரிசி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்களோ முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம்.

கீழே புனித கேத்தரின் மடம். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய மதில் இன்னும் நிற்கிறது. ஆண்டவர் மோசேயைக் கூப்பிட்ட, எரிந்தும் வெந்துபோகாத முட்செடி இதுதான் என்று துறவிகள் காலங்காலமாகக் காத்துவரும் செடி, கற்சுவர் மேலிருந்து பச்சையாகத் தொங்குகிறது. கல்லிடுக்குகளில் ஜெபச் சீட்டுகள். பக்கத்தில் ஒரு தீயணைப்பான்! அக்கா ஒருவர் அதைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

பேராலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னால் முட்செடியின் சிற்றாலயம் இருக்கிறது. அங்கே நுழைபவர்கள் காலணியைக் கழற்றியே ஆக வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய் வளர்ந்த நமக்கு அது பெரிய காரியமே இல்லை. பழக்கத்தில் கால் தானாகக் கழற்றிவிடும். மோசேக்கு அது பழக்கத்தில் வந்ததல்ல. ஆண்டவர் முதலில் "மோசே, மோசே" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட கையோடு "இங்கே கிட்டிச் சேராயாக", அதாவது கிட்டே வராதே, செருப்பைக் கழற்று என்கிறார். பேராலயத்தில் இயேசு மறுரூபமான காட்சியைக் காட்டும் மொசைக்குக்கு மேலே, மோசே குனிந்து செருப்பு வாரை அவிழ்க்கும் காட்சி இருக்கிறது. தொங்கும் விளக்குகளுக்கு இடையே பாதிதான் தெரிந்தது. அதையே கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் அந்த அக்கா விடவில்லை. "தொட்டாலே சாவு என்றால், மோசேயோடு இஸ்ரவேலின் மூப்பர்கள் எழுபது பேர் மட்டும் எப்படி ஐயா ஏறினார்கள்?"

ஐயா யாத்திராகமம் 24ஆம் அதிகாரத்தைத் திறந்தார். முதலில் பலி, பிறகு ஜனங்கள்மேல் உடன்படிக்கையின் இரத்தம். மூப்பர்கள் தூரத்திலிருந்து பணிந்துகொள்ள வேண்டும், சமீபத்தில் வரலாம் என்றது மோசேக்கு மாத்திரம். பதினொன்றாம் வசனத்தை மட்டும் அவர் இரண்டு தடவை வாசித்தார்: அவர்கள் தேவனைத் தரிசித்து, பின்பு புசித்துக் குடித்தார்கள்.