பால் கேனும் மோட்டார் சுவிட்சும்

மே 5, 2024, ஞாயிறு

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் மகனை அவன் அப்பத்தாவிடம் விட்டுவிட்டு, இரவு பஸ்ஸில் மதுரை திரும்பினேன். ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். சாப்பிட்ட தட்டை அவனாக எடுத்துக் கழுவியதில்லை. இதில் அவன் குற்றம் பாதி, என் குற்றம் பாதி. காலையில் வேன் வந்துவிடுமே என்ற பதற்றத்தில் பையை நான் அடுக்குகிறேன், தண்ணீர் பாட்டிலை நான் நிரப்புகிறேன், ஷூ லேஸைக்கூட நான்தான் கட்டுகிறேன். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். அவன் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலை என்று அங்கே ஒன்றுகூட இல்லை. பிறகு பொறுப்பு எங்கிருந்து வரும்?

மே 12, ஞாயிறு

ஊருக்குப் போனேன். விடிவதற்குள் எழுந்து, கையில் பால் கேனோடு நின்றுகொண்டிருந்தான். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் வலி. இரண்டு பசுக்களையும் கறந்துவிடுகிறார், ஆனால் பாலை ஊற்றும் கூட்டுறவு சொசைட்டிவரை நடக்க முடியவில்லை. அந்த வேலை இவனிடம் வந்துவிட்டது.

நானும் கூடப் போனேன். வரிசையில் நின்றான். பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள், கொழுப்புச் சோதனைக்குச் சிறிது பால் எடுத்தார்கள், அட்டையில் அளவு எழுதினார்கள். எழுதியது சரியா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான். திரும்பும் வழியில் டீக்கடைக்காரர், "என்ன மாப்பிள்ளை, இன்றைக்கு நான்கு லிட்டர் தேறியதா?" என்றார். "நான்கேகால்" என்றான். இந்த ஊரில் அவன் என்ன செய்கிறான் என்பது நான்கு பேருக்குத் தெரியும். மதுரையில் மூன்று வருடமாக எதிர்வீட்டில் இருப்பவருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது.

மே 19, ஞாயிறு

வியாழக்கிழமை நடந்ததை இன்று அத்தை சொன்னார். ஊருணிக் கரையில் பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்களாம். கேனை ஓரமாக வைத்துவிட்டு நின்றுவிட்டான். சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். அழுதுகொண்டே வந்திருக்கிறான். "செயலாளருக்கு ஒரு போன் செய்திருந்தால் திறந்திருப்பாரே, அத்தை" என்றேன். "எதற்கு? நாளைக்கும் நீயே போன் செய்வாயா?" என்று கேட்டார். அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிட்டார். அட்டையில் அந்த வேளைக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அந்த வெற்றுக் கட்டத்தை என்னிடம் விரலால் தொட்டுக் காட்டினான். நானாக இருந்தால் அரை மணி நேரம் அறிவுரை சொல்லியிருப்பேன்.

மே 26, ஞாயிறு

கிராமத்தைப் புகழ்ந்தே எழுதிவிட்டேனோ என்று இன்று உறுத்துகிறது.

மூன்றாவது வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். வயது பன்னிரண்டு. அப்பா சம்பாதிப்பதில் பெரும்பகுதி மதுவுக்குப் போகிறது. அம்மா இருட்டிலேயே களை எடுக்கக் கிளம்பிவிடுகிறார். இரண்டு தம்பிகளைக் குளிப்பாட்டுவது, உலை வைப்பது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது எல்லாம் இவள்தான். "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று தெருவே மெச்சுகிறது. கடந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போகவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. என் மகன் ஒரு கேன் பால் தூக்கியதற்கு ஊரெல்லாம் பாராட்டு. இவள் ஒரு குடும்பத்தையே தூக்குகிறாள்.

விடுமுறையிலும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் குடும்பத்துக்குப் பிள்ளைகள் உதவலாம் என்று 2016 இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. படிப்பு கெடக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. என் மகனுக்குக் கால் வலித்தால் கேனைக் கீழே வைக்கலாம், வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. அவளுக்கு அந்த ஆள் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இரண்டையும் பொறுப்பு என்ற ஒரே பெயரால் அழைப்பது அநியாயம்.

அவள் அம்மாவிடம் பேசினேன். பள்ளி திறந்ததும் சின்னவனை அங்கன்வாடியில் விட அத்தையும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வைத்தார். காலையில் அவனைக் கொண்டுபோய் விடுவது தன் பாடு என்று அத்தை சொல்லிவிட்டார், முழங்கால் வலியோடு.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பு, புதிய பள்ளி, நடக்கும் தூரம். வாசலிலிருந்து இருபது எட்டு வைத்தால் ஒரு பெட்டிக்கடை. மிட்டாய்ப் பாட்டில்களுக்கு மேலே சிகரெட் பெட்டிகள், பக்கத்தில் சரம் சரமாகப் புகையிலைப் பொட்டலங்கள். கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 இல் தடை வந்தது. சீருடை போட்ட பையன் ஒருவன் பத்து ரூபாயை நீட்டுவதை என் கண்ணால் பார்த்தேன். உடம்பு பதறியது.

ஊரில் டீக்கடைக்காரர் பாலின் அளவைக் கேட்கிறார். இங்கே கடைக்காரர் எதைத் தருகிறார்!

மேலும் மூன்று தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தோம். பிறகு கடைக்கும் போனோம். "அண்ணாச்சி, உங்கள் பேரனும் இந்தப் பள்ளியில்தானே படிக்கிறான்?" என்று மட்டும் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 16, ஞாயிறு

சரங்கள் கடைக்குள்ளே போய்விட்டன. விற்பனை நின்றதாக நான் நம்பவில்லை. நாளை மறுபடியும் போகிறோம்.

வீட்டில் ஒரு மாற்றம். குடியிருப்புக் கூட்டத்தில் கேட்டு, மாலையில் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலையை மகனுக்கு வாங்கியிருக்கிறேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன். போட்ட நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் எழுத, பால் அட்டை போலவே கட்டம் போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறான்.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று கிரிக்கெட் பார்த்துக்கொண்டே மறந்துவிட்டான். தொட்டி நிரம்பி, மாடிப்படி வழியே தண்ணீர் வழிந்து, கீழ்வீட்டுப் பாட்டி உலர வைத்திருந்த வற்றல் முழுவதும் நனைந்துவிட்டது. நானே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அதற்குள் அவன் படி இறங்கிக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரம் கழித்து, மடியில் முறத்தோடு பாட்டியும் அவனும் வாசற்படியில் உட்கார்ந்து, நல்ல வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டி அவனை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மேலே எனக்குக் கேட்டது.