பணம், உறக்கம், ஊக்கம்: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

இந்த மாதம் மூன்றே மூன்று பழக்கங்கள். காலையில் அரை மணி நேரம் படிப்பது. அன்றைய செலவை அன்றே எழுதுவது. இரவு பதினொன்றுக்குள் படுத்துவிடுவது. தியானம், ஓட்டம், புது மொழி என்று மனதில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவை காத்திருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கியவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கைவிடுவதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது.

"தினமும் படிப்பேன்" என்று எழுதினால் அது வெறும் ஆசை. எப்போது, எங்கே என்பதும் சேர்ந்தால்தான் திட்டம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். "இந்த நேரம் வந்தால், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறும் இலக்கை மட்டும் வைத்திருந்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். காரணம் எளிது. அந்த நேரம் வரும்போது யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை, முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே என் முதல் வரி: "பல் துலக்கியதும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, நேற்று விட்ட பக்கத்தைத் திறப்பேன்." புத்தகம் இப்போதே அந்த நாற்காலியில்தான் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

செலவு எழுதும் நோட்டில் நான்கு பத்திகள் போட்டிருக்கிறேன்: எவ்வளவு, எதற்கு, எத்தனை மணிக்கு, அப்போது எப்படி இருந்தேன்.

கடைசி இரண்டும் பொதுவாகக் கணக்கு நோட்டுகளில் இருக்காது. மாத முடிவில் "இவ்வளவா செலவாச்சு?" என்று திகைக்கிறோமே தவிர, எந்த வேளையில், எந்த மனநிலையில் கை நீண்டது என்று தெரிவதில்லை. ஜப்பானில் ஹானி மொடோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் குடும்பங்களுக்காக ஒரு கணக்கு நோட்டை வெளியிட்டார். ககேய்போ என்ற பெயரில் இன்றும் பலர் அந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். எழுதி வைப்பதோடு அது நிற்பதில்லை. மாதக் கடைசியில் உட்கார்ந்து, எதை மாற்றலாம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லும். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கேள்விதான்.

செயலியில் தானாகப் பதிவாகிவிடுமே என்று கேட்கலாம். ஆகும். ஆனால் தானாகப் பதிவானதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கையால் எழுதும்போது அந்தத் தொகை ஒருமுறையாவது கண் வழியாகப் போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி போன் செய்தான். "அக்கா, பரீட்சை பக்கத்துல வந்துடுச்சு. படிக்கணும்னு தோணவே மாட்டேங்குது."

"தோணுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கியா?"

"மூடு வந்தாத்தானே உட்கார முடியும்?"

இதைத்தான் அவனோடு வெகுநேரம் பேசினேன். உற்சாகம் முதலில் வரும், வேலை பிறகு நடக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டு முடித்தால் அடுத்ததைப் போடத் தோன்றுகிறது. மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைகளில் ஒன்று இந்த அடிப்படையிலேயே நடக்கிறது. மனம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்ய வைக்கிறார்கள். செயல் முன்னே போகிறது, மனம் பின்னால் வருகிறது.

"பத்து நிமிஷம் மட்டும் உட்காரு. அதுக்கு மேல பிடிக்கலைன்னா எழுந்துடு, யாரும் கேட்க மாட்டாங்க" என்றேன். சரி என்றான்.

வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டேன்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, நண்பர்களோடு பேசுகிறாயா? எல்லாம் சரியாக இருக்கிறதாம். கேட்காமல் இருக்கக் கூடாது. இரண்டு வாரங்களாக, நாள் முழுக்க, முன்பு பிடித்த எதிலுமே நாட்டமில்லை என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் அது. அங்கே போய் "பத்து நிமிஷம் உட்காரு" என்று அறிவுரை சொல்வது கொடுமை.

மார்ச் 10, திங்கள்

தம்பியிடமிருந்து செய்தி: "மூணு கணக்கு போட்டேன்க்கா."

மார்ச் 14, வெள்ளி

செலவு நோட்டைப் புரட்டினேன். மூன்றாவது பத்தி பேச ஆரம்பித்திருக்கிறது.

பகலில் செய்த செலவுகள் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறது. இரவு ஒன்பதரைக்கு மேல் உள்ளவை வேறு ஜாதி. அவற்றின் பக்கத்தில் நான்காவது பத்தியில் கிட்டத்தட்ட ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப இருக்கிறது: "அசதி". ஒரு மேசை விளக்கு, ஏற்கனவே இருப்பது போன்ற இன்னொரு பை, யாரோ பரிந்துரைத்த ஒரு சந்தா. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. வாங்கிய நேரத்தைப் பார்த்தால் எல்லாமே படுக்கையில், கையில் போனுடன்.

பணத்தையும் ஓய்வையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறோம். நோட்டில் அவை ஒரே வரியில் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் செய்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. பல நாடுகளில் வண்டி ஓட்டத் தடை தொடங்கும் அளவு அது. காலை ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணிக்கே அந்த 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த ஆய்வு பொருள் வாங்குவதைச் சோதிக்கவில்லைதான். ஆனால் அந்த நிலையில் வண்டிச் சாவியைத் தொடத் தயங்க வேண்டியவர், பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துவதற்கும் தயங்குவது நல்லது என்றே நினைக்கிறேன்.

இன்று செய்தவை: வாங்கும் செயலிகளில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரங்களை அழித்தேன். இனி வாங்க வேண்டுமென்றால் எழுந்து போய், பையைத் திறந்து, கார்டை எடுத்து, பதினாறு எண்களையும் தட்ட வேண்டும். "இன்னும் இரண்டே மணி நேரம்தான் சலுகை" என்று கூவும் நோட்டிஃபிகேஷன்களை நிறுத்தினேன். இரவில் பிடித்துப்போகும் எதையும் கூடையில் போட்டுவிட்டு, மறுநாள் காலை படித்து முடித்த பின் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மன உறுதியை வளர்த்துக்கொள் என்று பலர் சொல்கிறார்கள். அசதியாக இருக்கும் நேரத்தில் மன உறுதியை எதிர்பார்ப்பதே நியாயமில்லை. தெளிவாக இருக்கும் நேரத்தில் வழியை அடைத்து வைப்பது எவ்வளவோ சுலபம்.

மார்ச் 16, ஞாயிறு

வட்டிக் கணக்கு. 72-ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் என்று ஏறக்குறைய வந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகள். 12 சதவீதம் என்றால் 6. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலி 1494-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

சேமிப்புக்கு மட்டும் இதைப் போட்டுப் பார்த்து மகிழ்வது பாதிக் கணக்கு. மாதம் 3 சதவீத, அதாவது ஆண்டுக்கு 36 சதவீத வட்டியுள்ள கிரெடிட் கார்டு பாக்கிக்குப் போட்டால் 72-ஐ 36-ஆல் வகுக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில் கடன் இரட்டிப்பு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையாது. விலைவாசிக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் கையிலுள்ள பணம் வாங்கும் பொருள் பாதியாகும்.

எனவே வரிசை இதுதான் என்று அழுத்தமாகவே எழுதுகிறேன்: திடீர்ச் செலவுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கிவிட்டு, அடுத்து அதிக வட்டிக் கடனை அடைப்பது, அதற்குப் பிறகே முதலீடு. 36 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 12 சதவீத வருமானத்தைத் தேடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

மார்ச் 21, வெள்ளி

அலுவலகத் தோழி சொன்னாள், "இருபத்தோரு நாள் செஞ்சுட்டா போதும்டி, எதுவும் பழக்கமாயிடும்." எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் மனமொடிந்து போகிறார்கள். இருபத்திரண்டாம் நாளும் அலாரம் கசக்கிறதே, எனக்குத்தான் ஒழுக்கம் போதாது என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்.

அந்த 21 வந்த வழி வேறு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர், முகம் மாறிய நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் ஆவதாக 1960-இல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் போகப்போக உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள். வேகமானவருக்கு 18, மெதுவானவருக்கு 254 வரை என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளியவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சி நேரம் எடுத்தது.

இன்னொரு முடிவுதான் எனக்குப் பெரிய ஆறுதல்: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

தோழியிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் நடக்கிறதை மறுபடி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று நிறுத்தியிருந்தாளாம்.

மார்ச் 23, ஞாயிறு

பெரியம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நாள் முழுக்க அங்கேதான். படிப்பு இல்லை, செலவும் எழுதவில்லை. இன்று இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மார்ச் 26, புதன்

பெரியம்மா வீடு திரும்பிவிட்டார். நாற்காலியில் புத்தகம் திறந்தபடியே இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றுக்குள் படுப்பதுதான் மூன்றில் கடினம். படுத்தாலும் மறுநாள் வேலைகள் தலைக்குள் ஊர்வலம் போகின்றன. இதற்கு ஒரு வழி உண்டு. பெய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு பிரிவினர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், இன்னொரு பிரிவினர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். வரப்போவதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

இப்போது என் தலைமாட்டில் ஒரு சிறு தாள் அட்டையும் பென்சிலும் இருக்கின்றன. "அறிக்கை" என்று எழுதாமல் "அறிக்கையின் இரண்டாம் பக்க அட்டவணையைத் திருத்தி, பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும்" என்று எழுதுகிறேன். போனின் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம். இரவு வரும் அலுவலகச் செய்திகளுக்குக் காலையில் பதில் சொல்வதால் இதுவரை எந்த வேலையும் கெட்டுப்போகவில்லை.

மார்ச் 31, திங்கள்

நோட்டைப் பார்த்தேன். இரவு ஒன்பதரைக்கு மேற்பட்ட வரிகள் இந்த இரண்டு வாரத்தில் மெலிந்திருக்கின்றன. கூடையில் போட்டதில் பெரும்பாலானவற்றைக் காலையில் நானே நீக்கியிருக்கிறேன். மூன்று பழக்கங்களும் ஏப்ரலிலும் தொடரும். நான்காவது எதையும் சேர்க்கப் போவதில்லை.

சேமிப்பில் மட்டும் ஒரு மாற்றம். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிப்பது என்பதை விட்டு, சம்பளம் வந்த மறுநாளே வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தொகை சிறியதுதான், இப்போதைக்கு அதற்கு மேல் முடியாது. பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் வெளியிட்ட ஒரு திட்டம் இதற்கும் வழி காட்டுகிறது. இன்றே அதிகமாகச் சேமி என்று ஊழியர்களை வற்புறுத்தாமல், அடுத்தடுத்த சம்பள உயர்வுகளில் ஒரு பங்கு சேமிப்புக்குப் போக இப்போதே சம்மதம் வாங்கி வைத்தார்கள். கைக்கு வரும் சம்பளம் ஒருபோதும் குறையவில்லை, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது.

எங்கள் அலுவலகத்தில் ஜூலையில் சம்பளம் உயரும். உயர்வில் பாதியைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று நோட்டின் ஜூலை 1 பக்கத்தில் எழுதி, போனிலும் அந்தத் தேதிக்கு ரிமைண்டர் வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு.