உப்புத் தண்ணீர்க் கத்தி

இன்று விடியற்காலை, கல்லடிப் பாலத்தடி. வலையில் சுற்றிய நைலான் கயிற்றை அறுக்க என் டைட்டேனியம் மடக்குக் கத்தியை நீட்டினேன்.

மாமா இரண்டு இழுப்பு இழுத்தார். கயிறு வழுக்கியது.

"துருப்பிடிக்கா, சரி. வெட்டுதில்லையே மருமகன்?"

நாலு மாதமாக உப்புத் தண்ணீரில் புழங்கும் கத்தி. அலகில் ஒரு புள்ளித் துரு இல்லை. பாரமும் தெரியாது: ஒரு கன சென்ரிமீற்றர் டைட்டேனியம் சுமார் 4.5 கிராம், உருக்கு 7.8. ஆனால் உருக்கு அளவுக்கு அதைக் கடினமாக்க முடியாது. கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். கடலில் சுழியோடுகிறவர்களுக்கு நல்லது, தினமும் கயிறு அறுக்கிறவருக்குச் சரிவராது.

மாமா இடுப்பிலிருந்து பழைய உருக்குக் கத்தியை எடுத்தார். பாதி அலகு துரு. கல்லில் நாலு தரம் தீட்டினார். அலகின் கூர் ஓரம் மட்டும் வெள்ளியாக மின்னியது.

ஒரே இழுப்பு. கயிறு அறுந்து தோணிக்குள் விழுந்தது.