கிடார் கம்பி: ‘10’ செட் நாட்குறிப்பு

ஜூன் 2

கிடாரில் இருக்கும் கம்பிகளுக்கு ஆயுசு முடிந்துவிட்டது. மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகளில், ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) படும் இடமெல்லாம் கறுத்திருக்கிறது. விரலை ஓட்டினால் சொரசொரக்கிறது. சுதி பார்க்கும் ட்யூனரில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனாலும் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஜி கார்டு பிடித்தால் ஒட்டவில்லை. துருவும் வியர்வை அழுக்கும் கம்பி நெடுகச் சீராகப் படிவதில்லை. அதனால் விரல் வைக்காமல் மீட்டும்போது சுதி சரியாக நிற்கும், ஃப்ரெட்டில் அழுத்தினால் விலகும். கோளாறு என் காதில் இல்லை, கம்பியில்தான் என்று தெரிந்ததில் பெரிய நிம்மதி.

வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொண்டேன்: இது ஸ்டீல் கம்பிக் கிடாரா, நைலான் கிடாரா? என்னுடையது ஸ்டீல். கம்பிகளை உடல்பலகையில் பிடித்து வைக்கும் பிரிட்ஜில் ஆறு சின்னப் பின்கள் இருக்கின்றன. நைலான் கிடாரில் பெரும்பாலும் கம்பியை பிரிட்ஜிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். நைலான் செட்டின் மொத்த இழுவை சுமார் 40 கிலோ. ஸ்டீலில், முதல் கம்பி 0.012 அங்குலம் உள்ள ‘12’ செட் என்றால் 70 கிலோவைத் தாண்டும். நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பி ஏற்றினால் பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம், கழுத்து வளைந்துபோகலாம். புதிதாகக் கற்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் துணிச்சல் காட்டவே கூடாது.

ஜூன் 3

இன்று முழுக்க கேஜ் பற்றித்தான் படித்தேன். கேஜ் என்றால் கம்பியின் கனம், அதாவது தடிமன். அதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கிறார்கள். முதல் கம்பி 0.010 அங்குலம் என்றால் அது பத்து செட். அக்கூஸ்டிக் கிடாருக்குப் பொதுவாகக் கிடைப்பவை 10–47, 11–52, 12–53, 13–56. இதில் 12–53க்குத்தான் ‘லைட்’ என்று பெயர். அட்டையில் லைட் என்று பார்த்ததும் நம் விரலுக்கு இதமாக இருக்கும் என்றுதான் தோன்றும். புதுக் கைக்கு அது இதமே இல்லை. எக்ஸ்ட்ரா லைட் என்று போட்டிருப்பதுதான் 10.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 என்பது 0.25 மில்லிமீட்டர், 12 என்பது 0.30. மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் கம்பியின் எடை கனத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஒரே நீளத்தில் ஒரே சுரம் வர வேண்டுமென்றால் இழுவையும் அதே விகிதத்தில் ஏற வேண்டும். பத்துப் பத்து நூறு, பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு. அதாவது 44 சதவீதம் அதிகம்! வழக்கமான நீளமுள்ள கிடாரில் முதல் கம்பியை ‘ஈ’ சுரத்துக்கு ஏற்ற 10க்குச் சுமார் 7.4 கிலோ இழுவை, 12க்குச் சுமார் 10.6 கிலோ. எஃப் கார்டில் ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அமுக்கும்போது ஏன் அப்படி வலிக்கிறது என்று இப்போது புரிகிறது.

தடித்த கம்பிக்கு முழக்கம் அதிகம், மறுக்கவில்லை. மேல்பலகையை அது பலமாக அதிர வைக்கும். ஆனால் விரல் நோகிறதே என்று பத்து நிமிடத்தில் கிடாரை உறையில் வைத்துவிட்டால் அந்த முழக்கத்தால் என்ன பயன்? “வலியைத் தாங்கினால்தான் கை பழகும்” என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லிய கம்பியிலும் விரல் நுனி காய்க்கத்தான் செய்யும். 10 வாங்குவதென்று முடிவு.

ஜூன் 5

அடுத்தது உலோகம். 80/20 வெண்கலம் என்பதில் 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். கணீரென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸில் செம்போடு வெள்ளீயமும் கொஞ்சம் பாஸ்பரஸும் இருக்கும். ஒலி கொஞ்சம் கனிவாக இருக்கும், கூடுதல் நாள் தாங்கும். கிடார் கம்பிக்கு 1974இல் இதைக் கொண்டுவந்தது டி’அடாரியோ. மேலே மெல்லிய பூச்சுள்ள கம்பிகளும் உண்டு. உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு அவை நல்லது, விலைதான் கூட. எலெக்ட்ரிக் கிடாருக்கு இதெல்லாம் வேண்டாம், அதில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்த பிக்கப் வெண்கலத்தைச் சரியாக உணராது.

நான் எடுத்தது பூச்சில்லாத பாஸ்பர் பிரான்ஸ். இந்த நிலையில் கேஜ்தான் முக்கியம், உலோகம் அப்புறம்.

ஜூன் 7

மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, உடனே புதியதைப் போட்டேன். கழுத்தின் மேல் இழுவை ஒரேயடியாகப் போகாமல் இருக்கும், எது எங்கே என்ற குழப்பமும் வராது. கம்பி முனையில் உள்ள குண்டு பிரிட்ஜின் அடியில் போய் உட்கார்ந்ததா என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகே பின்னை அழுத்தினேன். கம்பியை முறுக்கும் பெக்கில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றன் கீழ் ஒன்றாக. மிச்சத்தை வெட்டும்போது கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 8

காலையில் எல்லாமே சுதி இறங்கியிருந்தது. புதுக் கம்பி நீண்டு அடங்கும்வரை இப்படித்தான். ஒவ்வொன்றையும் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சுதி சேர்த்தேன்.

ஜூன் 16

எஃப் கார்டில் ஆறு கம்பியும் பேசுகின்றன! இரண்டாவது மட்டும் சில சமயம் மொக்கையாக ஒலிக்கிறது.

ஓங்கி அடித்தால் ஆறாவது கம்பி ஃப்ரெட்டில் தட்டி இரைகிறது. இழுவை குறைந்ததும் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்து, கம்பி ஃப்ரெட்டுக்கு நெருங்கிவிடும். மெல்லிய கம்பி அகலமாகவும் அதிரும். கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைச் சிறிது தளர்த்தினால் சரியாகும் என்கிறார்கள். அதைப் பழகிய கை செய்வதுதான் நல்லது, நாளை கிடாரைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அப்படியே நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) கம்பி உட்காரும் பள்ளங்களின் ஆழத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அவை மேலாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் எந்தக் கம்பியும் கஷ்டம்தான்.

விரல் வலிக்கு வழி கேட்ட ஒருவருக்கு இன்று இதையும் சொன்னேன்: கையில் 12 செட்தான் இருக்கிறதென்றால் எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். இழுவை சுமார் 11 சதவீதம் குறையும், சுரம் பழைய இடத்துக்கே வந்துவிடும், கம்பியும் தாழும். புது செட் வாங்கும்வரை இப்படியே வாசிக்கலாம்.